மிலேத்துவில் விட்டுவந்தவன்

1

இன்று காலை கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு வலது காலால் தரையை ஓங்கி மிதித்தேன். எங்கள் வீடு பலகைத் தரை. அடுப்படியில் மிதித்தால் வாசல் வரை அதிரும். என் மகன் சாமுவேல் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் அவனைக் கூப்பிடுவது அப்படித்தான். மிதித்துவிட்டுக் கையில் கிண்ணத்தோடு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க கிராணியம்மா, பூரானா?" என்று கேட்டாள். ஆமாம், பூரான்தான் என்றேன்.

அவன் வீட்டில் இல்லை. வடக்கே ஒரு பட்டணத்தில், காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் அவனை விட்டுவிட்டு வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. தலை மறந்துவிடாமல் வைத்திருந்தாலும் கால் மறந்துவிடுகிறது.

செஞ்சியிலிருந்து போதகரின் மனைவி, நம் ஐயரம்மா, கேட்டதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நம் சபைப் பத்திரிகையில் போடுவதற்கு, அயல்நாட்டில் இருந்துகொண்டு தலைப்பு வாரியாக வேதத்தைப் படிப்பது உன் அறிவை எப்படி ஆழமாக்கிற்று என்று நாலு பக்கம் எழுது, இங்கே வெள்ளிக்கிழமைக் கூட்டத்துப் பெண்களுக்கு ஊக்கமாயிருக்கும் என்றார்கள். பெரியவர்கள் கேட்டு நான் மறுத்துப் பழக்கமில்லை. ஆனால் ஆழம் என்று அவர்கள் சொன்னதை நான் கிணற்றோடுதான் சேர்த்து நினைக்கிறேன். இறங்கியிருக்கிறேன். தண்ணீர் இன்னும் காலில் படவில்லை. இதைப் படிக்கிற சகோதரிகளுக்கு ஊக்கம் வராமல் போனால் என்னை மன்னிக்க வேண்டும்.

2

கூட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கல்யாணத்துக்காக வீட்டில் இருந்த காலம் முழுதும் நான் ஒரு வெள்ளியும் தவறியதில்லை. பெண்கள் பள்ளியின் கடைசி வகுப்பறை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரிப்போம். ராஜகிரிக்குப் பின்னால் வெயில் இறங்குமுன் வீடு போய்ச் சேர வேண்டும் என்பது என் அப்பாவின், எங்கள் நைனாவின், கட்டளை. ஆகவே என் கண் பாதி வேதத்திலும் பாதி ஜன்னலுக்கு வெளியே மலையிலும் இருக்கும்.

தலைப்பை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுவார்கள். நாவு, பொறுமை, விதவைகள், எண்ணெய். உப்புக்குக்கூட ஒரு வெள்ளி போனது. எந்தச் சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டுகிற ஒத்தவாக்கியப் புத்தகம் சபைக்கு ஒன்றுதான் இருந்தது. அது வாரத்தில் ஒவ்வொரு வீடாகப் போகும். கிடைக்காதவர்கள் வசனங்களின் ஓரத்தில் உள்ள குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஏசாயா சங்கீதத்துக்கு அனுப்புவார், சங்கீதம் லூக்காவுக்கு அனுப்பும். வழியில் தொலைந்துபோய்ப் பால் பொங்கி அடுப்பு அணைந்ததெல்லாம் உண்டு.

நம் கூட்டத்துக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அது உலகத்தில் எல்லா இடத்திலும் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அதுதான் எதிர்வசனம். எல்லோரும் தேடி வந்த வசனங்களை வாசித்து முடித்த பிறகு கொஞ்சம் அமைதி இருக்கும். ஐயரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எதிர்வசனம் யாரு?" என்பார்கள். அதுவரை வாசித்ததற்கெல்லாம் இடக்காக, முள்ளாக நிற்கிற ஒரு வசனத்தை யாராவது கொண்டுவந்தே ஆகவேண்டும். கொண்டுவராவிட்டால் அந்தத் தலைப்பு மூடப்படாது. அடுத்த வெள்ளிக்கும் நீளும்.

இதில் கெட்டிக்காரி கணக்கு டீச்சர் ரெபேக்காள் அக்கா. மனைவியின் கீழ்ப்படிதல் என்ற தலைப்பு வந்த வெள்ளி இன்றும் என் காதில் இருக்கிறது. சாராள் ஆபிரகாமுக்குக் கீழ்ப்படிந்ததை வரிசையாக நாங்கள் வாசித்து முடித்ததும் அக்கா எழுந்தார்.

"ஆபிரகாமுக்கு ஆண்டவர் இன்னா சொன்னாரு? சாராள் சொல்றத கேளுன்னாரு. ஆதியாகமம் இருபத்தொண்ணு. அத ஏன்டி ஒருத்தியும் எடுக்கல?"

"அக்கா, உங்க ஊட்டுக்காரரு வாசல்ல சைக்கிளோட நிக்கிறாரு. மெதுவா பேசுங்க."

"நிக்கட்டும். நல்லா கேக்கட்டும். அதான் வசனமே."

ஐயரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தலைப்பு மூடப்பட்டது என்று ஜெபம் சொன்னார்கள்.

3

என் கணவருக்கு இந்த மலாய் நாட்டில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் வேலை. கணக்கு எழுதுகிறவர்களை இங்கே கிராணி என்பார்கள். லீவில் வந்து என்னைக் கல்யாணம் செய்துகொண்டு கையோடு கப்பலில் கூட்டி வந்தார். கப்பலை விட்டு இறங்கியதும் நோய் பரவாமலிருக்க எங்களை ஒரு தீவுக் கொட்டகையில் சில நாள் நிறுத்தி வைத்தார்கள். அங்கே எனக்குக் காய்ச்சலும் உடம்பெங்கும் சிவந்த தடிப்பும் வந்தது. வெயில் கட்டி என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால் இன்னும் பல நாள் அடைத்துவைப்பார்கள் என்று பயம். அப்போது நான் உண்டாகியிருந்தேன். எனக்கே அது நிச்சயமாகத் தெரியாது.

வந்த புதிதில் என் பேச்சு இங்கே எல்லோருக்கும் விளையாட்டு. "இன்னாங்க" என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். காலையில் எதிர்ப்பட்டவள், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டபோது, என் பசி அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று வீட்டுக்கு வந்து அழுதேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். இப்போது நானும் அப்படித்தான் கேட்கிறேன். போன தடவை செஞ்சிக்கு வந்தபோது நைனாவிடம் அதையே கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மகன் பிறந்தான். கர்த்தரிடத்தில் கேட்டு வாங்கின பிள்ளை என்று சாமுவேல் எனப் பெயர் வைத்தேன். பெயரை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஆலயத்தில் படுத்திருந்தபோது கூப்பிட்ட குரலைக் கேட்டு எழுந்து ஓடிய சிறுவனின் பெயர். அதை நினைக்கும்போதெல்லாம் வேறு பெயர் வைத்திருக்கலாமோ என்று தோன்றும். வேறு பெயர் வைத்திருந்தாலும் அவன் திரும்பியிருக்கமாட்டான்.

விடிவதற்குள் ஆட்களை வேலைக்கு வரிசை பார்க்க இங்கே தண்டவாளத் துண்டில் அடிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே தொங்குகிறது. முதல் வருஷம் முழுதும் அந்தச் சத்தத்தில் நான் தூக்கிவாரிப் போட்டு எழுவேன். பக்கத்தில் குழந்தை அசையாமல் தூங்குவான். எவ்வளவு சமர்த்து என்று கொண்டாடினேன். ஊரிலுள்ளோரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

பட்டணத்து ஆஸ்பத்திரி டாக்டர், காது நரம்பில் பழுது என்றார். கர்ப்பத்தில் இரண்டு மூன்று மாதத்துக்குள் உடம்பில் தடிப்போடு காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அன்றே சொல்லியிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று கேட்டேன். மாறியிராது என்றார். அவர் இரக்கத்தினால் சொன்னாரா உண்மையாகச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

4

சாமுவேலுக்கு நாலு வயது நடக்கும்போது செஞ்சிக்கு வந்திருந்தோம். உங்களில் பலர் அவனைத் தூக்கிக் கொஞ்சினீர்கள். எங்கள் நைனா மட்டும் அவன் காதருகே குனிந்து, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் சத்தமாக, "டேய் சாமு!" என்று கூவிப் பார்த்துக்கொண்டேயிருந்தார். பையன் மந்தம், செவிடில்லை என்பது அவர் கட்சி. அவன் நைனாவின் தொண்டையில் கையை வைத்து அதிர்வைப் பிடித்துச் சிரிப்பான். பார்த்தாயா, கேட்கிறது என்பார் நைனா.

அதிர்வுதான் அவனுக்கு எல்லாம். ஆலயத்தில் ஆர்மோனியத்தின் பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை கண்ணை மூடி நின்றான். நைனா வீட்டில் நான் மிதித்துக் கூப்பிட்டால் வரமாட்டான். அங்கே சாணி மெழுகிய தரை. மண் சத்தத்தைத் தின்றுவிடும் என்பதை அப்போதுதான் கண்டேன்.

அவன் கன்னத்தருகே உதட்டைக் கொண்டுபோய், "பூ" என்று சொல்வேன். காற்றுப் படும். அவனும் உதட்டைக் குவித்து என் கன்னத்தில் ஊதுவான். எங்கள் இருவருக்கும் சொந்தமாக இருந்த ஒரே சொல் அது. அவன் பூவைக் காட்டித்தான் ஊதுகிறான் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பூவைக் காட்டி ஒருநாளும் அவன் ஊதவில்லை.

அமாவாசையன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். மேல்மலையனூருக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மொய்த்துக் கிடந்தன. டீக்கடை ஓரம் பம்பைக்காரர்கள் இறங்கி நின்றிருந்தார்கள். என் கையை உதறிவிட்டு ஓடி ஒருவர் இடுப்பில் கட்டியிருந்த பம்பையின் தோலில் சாமுவேல் உள்ளங்கையைப் பதித்துவிட்டான். நான் பயந்துபோய் இழுத்தேன். அவர், "உடும்மா, புள்ள கேக்குறான்" என்று சொல்லி, மறுபக்கத் தோலில் குச்சியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். சாமுவேலின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்குள் செய்தி கூட்டத்துக்குப் போய்விட்டது. அங்காளம்மன் பம்பையைச் சபைப் பிள்ளை தொட்டுவிட்டான் என்று ஒரு சகோதரி முகத்தைச் சுருக்கினார். ரெபேக்காள் அக்கா தலை நிமிராமலே சொன்னார்:

"தோலு தோலுதான்டி. அது எந்தச் சாமிக்குன்னு ஆட்டுக்குத் தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குத் தலைப்பு, காது. எனக்காகவே எடுத்திருந்தீர்கள். செவிடரையும் ஊமையரையும் உண்டாக்கினவர் யார் என்று கர்த்தர் மோசேயிடம் கேட்கிற இடத்தை அக்கா எதிர்வசனமாக வாசித்தார். தலைப்பு மூடப்பட்டது. நான் மட்டும் அதை மூடவில்லை.

5

போன வருஷம் அந்தப் பள்ளியில் இடம் கேட்டு எழுதிப்போட்டோம். தங்கிப் படிக்க வேண்டும். நீண்ட விடுமுறைக்குத்தான் வீடு. அடையாளக் கார்டு நீலமா சிவப்பா என்று கேட்டார்கள். குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம், எங்களுக்குச் சிவப்பு. பிள்ளை இங்கே பிறந்தான், தகப்பன் ஏன் சிவப்பு என்று ஓர் அலுவலகம். சிவப்பானால் என்ன, பிறப்புப் பத்திரம் எங்கே என்று இன்னோர் அலுவலகம். அதிகாரி மலாய் மொழியில் கேட்டதற்கு நான் தெரிந்த அளவில் பதில் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். வெளியே வந்ததும் என் கணவர், "ஒன்றுமில்லை, விடு" என்றார். பிள்ளைக்கு என்ன குறை என்று அதிகாரி கேட்டதற்கு, பிள்ளை சாப்பிட்டுவிட்டான் என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன்.

பிறகு பள்ளியிலிருந்து வரச்சொன்னார்கள். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மாள். உதட்டைப் பார்த்துப் படிக்கவும், வாயால் பேசவும் கற்றுத்தருவோம் என்றார். எந்த மொழியில் என்று கேட்டேன். இங்கிலீஷில் என்றார். இரண்டு மொழி உதடுகளை இந்தப் பிள்ளைகளால் பிரித்தறிய முடியாது, ஆகவே விடுமுறையில் வீட்டுக்கு வந்தாலும் அவனிடம் தமிழில் பேச வேண்டாம் என்றார். இது தப்பென்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவன் தமிழைக் கேட்டதே இல்லையே, எதை இழக்கப்போகிறான்? இழக்கப்போவது நான்தான் என்று அந்த அம்மாளிடம் எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அடுத்த தாயைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜனவரியில் பள்ளி திறக்கும். அதற்குள் பதில் வேண்டும் என்றார்கள். அனுப்பலாம் என்றார் என் கணவர். எனக்கு ஆமாம் என்றும் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை.

இந்தத் தோட்டத்திலும் ஒரு ஜெபக்கூட்டம் உண்டு. நடத்துகிறவர் பரிமளம் அக்கா, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசரின் மனைவி. நல்லவர். எனக்குப் பிரசவம் பார்த்தபோது தூங்காமல் கூட இருந்தவர். தலைப்பு வாரியாகப் படிப்பதை இங்கே தொடங்கச் சொன்னது நான்தான். பள்ளி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிற்று.

"தங்கச்சி, கடவுள் கிட்ட காது கேட்டுக்கிட்டே, இன்னொரு கையால பள்ளிக்கூடத்து மனுவ நீட்டுறீங்க. ரெண்டுல எத அவர் நம்புறது?"

"அப்படியில்லக்கா. அவன் படிக்கணுமே."

"குணமாயிட்டா இங்கயே தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிப்பானே. ஒரு வெள்ளி உங்க வீட்டுல வெப்போம். குணமாகுதல்தான் தலைப்பு. அதுக்கப்புறம் பதில் எழுதுங்க."

நான் சரி என்றேன். அந்த வாரம் முழுதும் நான் தேடியதுபோல் என் வாழ்நாளில் தேடியதில்லை. குணம், சுகம், சொஸ்தம் என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்தேன். எபேசுவில் பவுலின் கைத்துணியான உறுமாலைக் கொண்டுபோய்ப் போட்டாலே நோயாளிகள் எழுந்தார்கள் என்ற இடத்தில் மனம் குளிர்ந்தது. அதே கையோடு, பழக்கதோஷத்தால், வியாதி என்ற சொல்லையும் பார்த்தேன். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினதின் கடைசியில், யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லும்போது, துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவிட்டு வந்தேன் என்று போகிறபோக்கில் சொல்கிறார். ஓரக்குறிப்பு பிடித்துப் பின்னால் போனேன். துரோப்பீமு எபேசு ஊர்க்காரன். யாரோ எவரோவெல்லாம் அந்த உறுமாலால் எழுந்த ஊரின் பிள்ளை. பவுலோடு கூடவே நடந்தவன்.

வெள்ளியன்று வீடு நிறையப் பெண்கள். ஒவ்வொருவராக வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் கொஞ்சம் அமைதி வந்தது. நம் வகுப்பறையில் வருமே, அதே அமைதி. ஐயரம்மா கண்ணாடியைத் துடைக்கிற நேரம். யாரும் கேட்காமலே என் வாய் திறந்தது.

"துரோப்பீமுவ மிலேத்துல வியாதியாவே உட்டுட்டு வந்தாரே" என்றேன்.

ஒருவரும் தலையசைக்கவில்லை. பரிமளம் அக்கா வேதத்தை மூடினார்.

"இத யாரு உங்கள கேட்டா?"

"எதிர்வசனம்க்கா. எங்க ஊர்ல..."

"உங்க ஊர்ல பிள்ளைக்கு ஜெபம் பண்ண வந்தவங்க கிட்ட, அது நடக்காதுன்னு வசனம் எடுத்துக் கொடுப்பீங்களா?"

பிறகு அவர் பையனைக் கூப்பிடச் சொன்னார். நான் தரையை மிதித்தேன். ஓடி வந்தான். கலிலேயாக் கடலருகே செவிடனுக்கு இயேசு செய்ததுபோலவே அக்கா தம் விரல்களை அவன் காதுகளில் வைத்து, திறக்கப்படுவாயாக என்று சத்தமிட்டு ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. ஏதாவது மாறினால் முதலில் நான் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அவன் இதை விளையாட்டென்று எடுத்துக்கொண்டு, தன் விரல்களை அக்காவின் காதுகளில் வைத்து அழுத்திக்கொண்டு, அவர் வாயைப் போலவே வாயைத் திறந்து திறந்து மூடினான். சத்தமில்லை. அக்கா கண் திறந்து பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் வரவில்லை.

படியிறங்கும்போது சொன்னார்: "கதவு திறக்கிற நேரத்துல நீங்க குறுக்கு கட்டைய போட்டுட்டீங்க தங்கச்சி."

6

அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? நான் அந்த வசனத்தை வாய்விட்டுச் சொல்லாமலிருந்தால் அவன் காது திறந்திருக்குமா என்று இந்தக் கை துணி துவைக்கும்போதும் அரிசி களையும்போதும் கேட்டுக்கொண்டேயிருக்கிறது. தீவுக் கொட்டகையில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன். வீட்டில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். என் வாய் இரண்டு தடவையும் தப்பான பக்கம் நின்றது.

என் கணவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அந்த வாரம் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "துரோப்பீமு பவுலோட நண்பன்தானே?" என்று கேட்டார்.

"ஆமா."

"விசுவாசம் இல்லாமயா உட்டுட்டு வந்திருப்பாரு?"

நான் அவர் சாப்பிட்ட தட்டை எடுத்தேன்.

"பதில் எழுதிடறேன்" என்றார். எழுதிவிட்டார்.

கர்த்தருக்கென்று பிள்ளையை ஆலயத்தில் விட்டுவந்த அன்னாளைப் பார்த்துத் தேறிக்கொள் என்று இங்கே ஒருத்தி சொன்னாள். ஊரிலிருந்தும் ஒருவர் அதையே எழுதியிருந்தார். பெயரைப் பார்த்துச் சொல்கிறார்கள். எத்தனையோ தடவை அந்த அதிகாரத்தைத் திறந்துவிட்டேன். அன்னாள் விட்டுவந்த சாமுவேலுக்குக் காது கேட்டது. அதற்குமேல் அந்தக் கதையில் எனக்கு இடமில்லை.

7

அவனை விட்டுவந்த நாளைப் பற்றி எழுதாமலே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் படித்ததைச் சொல்லிவிட்டுப் பட்டதை மறைத்தால் அது நம் கூட்டத்து வழக்கமாகாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். நீண்ட தாழ்வாரம், நிறையப் பிள்ளைகள், ஓடுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், நம் ஊர்ப் பள்ளி இடைவேளை போலத்தான். ஓர் இளம் ஆசிரியை சாமுவேலின் முன் முழங்காலிட்டு, தன் உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். காகிதம் படபடத்தது. அவனிடம் நீட்டினாள். அவன் காகிதத்தைப் பார்க்கவில்லை. எட்டி அவள் கன்னத்தில் ஊதினான். எங்களுக்கென்று இருந்த ஒரே சொல்லை அவளிடம் கொடுத்துவிட்டான். ஆசிரியை சந்தோஷத்தில் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தான். போகிறோம் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது என்று நாங்கள் யோசித்து வைத்திருந்த ஜாடைகளெல்லாம் வீணாயின. பாதி தூரம் போய்விட்டான். "சாமுவேல்!" என்று கத்தினேன். அப்படிக் கத்தி எனக்குப் பழக்கமே இல்லை. தோட்டக்காரர் திரும்பினார். வெள்ளைக்கார அம்மாள் திரும்பினார். வாசலில் நின்ற தகப்பன்மார் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை.

அப்போது காலால் தரையை மிதித்தேன். சிமெண்டு. குதிகாலில்தான் வலித்தது. இன்னொரு தடவை மிதித்தேன். என் கணவர் தோளைப் பிடித்தார். அவன் திருப்பத்தில் மறைந்துவிட்டான். அழவுமில்லை, தேடவுமில்லை. இரவில் தேடியிருப்பான். எப்படித் தேடினான் என்று எனக்குத் தெரிவிக்க அவனிடம் சொல் இல்லை. சொல் வரும்போது அது எனக்குப் புரிகிற சொல்லாக இருக்கப்போவதுமில்லை.

வரும் வழியில் ரயிலில் எதிரில் இருந்த ஒரு தமிழ்க் கிழவர், "பிள்ளைகுட்டி இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறான் என்றேன். "பேசுறானா?" என்றார். சின்னப் பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கிற கேள்விதான்.

அன்பான சகோதரிகளே, தலைப்பு வாரியாகப் படித்ததில் நான் கண்டதைச் சொல்லச் சொன்னீர்கள். துரோப்பீமுவை எல்லா ஓரக்குறிப்புகளிலும் தேடிவிட்டேன். அவன் எழுந்தான் என்றோ, யாராவது அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள் என்றோ, பவுல் திரும்பிப் போய் அவனைப் பார்த்தார் என்றோ ஓர் இடத்திலும் இல்லை. பாதி வசனத்தோடு அவன் வேதத்திலிருந்து போய்விடுகிறான். நான் தேடியதில் விட்டிருக்கலாம். எப்போதும் எதையாவது விட்டுவிடுகிறவள்தான் நான். ஒத்தவாக்கியப் புத்தகம் உங்கள் வீட்டுக்கு வருகிற நாளில் எனக்காக ஒருமுறை பாருங்கள். ரெபேக்காள் அக்கா பார்த்தால் இன்னும் நல்லது. துரோப்பீமுவுக்கு ஓர் எதிர்வசனம் வேண்டும். கிடைக்கும்வரை தலைப்பை மூடிவிடாதீர்கள்.